விஸ்வநாதன் நம்பிய கதைகள்

'காதலிக்க நேரமில்லை' என்று பேச்செடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அடுத்த நிமிடம் பேச்சு நேராக, செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்துக்குப் போய்விடும். படம் வெளியானது 1964 பிப்ரவரி 27 அன்று. அறுபது வருடங்களைத் தாண்டிவிட்டது. முழுப் படத்தையும் ஒரு தடவைகூடப் பார்க்காத பிள்ளைகள், அந்த ஒரு காட்சியை மட்டும் செல்போனில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நாகேஷ் யார், பாலையா யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி எதற்குச் சிரிப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் அந்தக் காட்சி உயிர். ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, இந்தப் படம் ஏன் பழசாகவில்லை என்பதற்கு வேறொரு காரணம் பிடிபட்டது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல நினைக்கிறேன். இது கதை சொல்கிறவர்களையும், அந்தக் கதையை நம்புகிறவர்களையும் பற்றிய படம். அந்தப் பேய்க்கதைக் காட்சி படத்தின் நடுவில் தனியாக நிற்கும் ஒரு துணுக்கு கிடையாது. படம் முழுக்க நடப்பதும் அதேதான். யாரோ ஒருவர் கதை கட்டுகிறார், செல்லப்பாவின் அப்பா விஸ்வநாதன் அதை நம்பி ஆடிப்போகிறார்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னமலை எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர் விஸ்வநாதன், அதாவது டி.எஸ். பாலையா. பணம்தான் அவருக்கு உலகம். இரண்டு மகள்கள்: காஞ்சனாவாகக் காஞ்சனாவே நடித்தார், நிர்மலாவாக ராஜஸ்ரீ. இரண்டு பேருக்கும் பெரிய பணக்கார வீட்டு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஒரே மகன் செல்லப்பா, நம் நாகேஷ். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு சினிமாக் கம்பெனி ஆரம்பித்துவிட்டான். கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, கதாநாயகி இருக்கிறாள். கதையும் பணமும்தான் பாக்கி. இந்த வீட்டுக்குள் அசோக் வருகிறான். எஸ்டேட்டில் வேலை பார்த்தவன், முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட உரசலில் வேலை போனவன். பங்களா வாசலிலேயே கூடாரம் அடித்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஆடிப் பாடி வேலை கேட்கிறான். நிர்மலாவுக்கும் அவனுக்கும் காதல் வருகிறது. கையில் காசில்லாதவனை விஸ்வநாதன் மாப்பிள்ளையாக ஏற்பாரா? அதனால் தான் ஒரு கோடீஸ்வரரின் பிள்ளை என்று அசோக் ஒரு பொய்யைச் சொல்லிவைக்கிறான். பொய்யைக் காப்பாற்ற ஒரு அப்பா வேண்டுமே! நண்பன் வாசுவைக் கூப்பிட்டு, கிழவர் வேஷம் போட்டு, கோடீஸ்வரர் சிதம்பரமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அந்த வாசு யார் என்றால், ஏற்கெனவே சென்னையில் காஞ்சனாவைக் காதலிப்பவன். தான் காதலிக்கும் பெண்ணின் அப்பாவுக்கு எதிரிலேயே, அவர் வயதுக்காரராக அவன் நடித்தாக வேண்டும்.

இப்போது இந்த வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மகன் சினிமா எடுக்கப் பணம் கேட்கிறான். அப்பா சல்லிக்காசு தரமாட்டேன் என்கிறார். சினிமா என்றாலே ஏமாற்று என்பது அவர் எண்ணம். ஆனால் அதே அப்பாவின் கூடத்தில், அவர் கண்ணெதிரே, ஒரு முழு நாடகம் அரங்கேறுகிறது. அதற்குக் கதை எழுதியவன் அசோக். வேஷம் கட்டியவன் வாசு. அரங்கம் அவருடைய பங்களா. முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் நம்பும் ரசிகர் விஸ்வநாதன். மகனுடைய கதைக்குக் காசு தர மறுத்தவர், மாப்பிள்ளையாக வரத் துடிக்கிறவனுடைய கதைக்குத் தன் மகளையே தரத் தயாராகிறார்.

படத்தின் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் எடுக்க நினைத்த படத்தை நாம் பார்ப்பதில்லை. ஆனால் ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் சொந்தக்காரன் வசிக்கும் வீட்டிலேயே, அவனுக்கே தெரியாமல், அவன் எடுத்திருக்க வேண்டிய படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள்மாறாட்டம், காதல், மோதல், சஸ்பென்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. கதை தேடி அலைகிற செல்லப்பா அதற்கு நடுவில்தான் உலவுகிறான்.

இதற்குள் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. வேஷம் போட்ட வாசு உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. விஸ்வநாதனின் நண்பர் சதாசிவத்தின் மகன். காஞ்சனாவுக்கு விஸ்வநாதன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளையே அவன்தான். பொய்க் கோடீஸ்வரரின் வேஷத்துக்குள் உண்மையான செல்வந்தரின் பிள்ளை ஒளிந்துகொண்டிருக்கிறான். விஸ்வநாதன் தேடியது அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அவர் உபசரிப்பதோ ஒட்டுத் தாடியை. பணத்தையே பார்க்கிற கண்ணுக்குப் பணம்கூடத் தெரியவில்லை. இதை எந்தப் பாத்திரமும் வாய் திறந்து சொல்லிக் காட்டுவதில்லை. சிரித்து முடித்த பிறகு நமக்குத் தானாகத் தோன்றுகிறது. உபதேசம் இல்லாமல் ஒரு மனிதரின் ஆசையை இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட முடியுமா என்று எனக்கு இன்றும் வியப்பு.

இனி அந்தப் பேய்க்கதைக் காட்சிக்கு வருகிறேன். அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நாகேஷைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். கதவு கிறீச்சிடுவதும், காலடி நெருங்குவதும், காற்று ஊளையிடுவதும் எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகின்றன. குரல் ஏறி இறங்குகிறது, விரல்கள் அசைகின்றன, அந்த ஒல்லி உடம்பு வளைந்து நெளிந்து இருட்டையே உண்டாக்குகிறது. ஆனால் ஒரு தடவை, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். முதலில் அலட்சியமாக, இவன் என்ன பெரிய கதை சொல்லிவிடப் போகிறான் என்று உட்கார்ந்திருப்பார். பிறகு கண்ணில் ஒரு கவனம் வரும். பிறகு சந்தேகம். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்குவார். திரையில் பேயும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. இருப்பதெல்லாம் பாலையாவின் முகம். அந்த முகத்தில்தான் நாம் பேயைப் பார்க்கிறோம். நாதஸ்வரக்காரர் ஒரு பிடி வாசித்துவிட்டு நிறுத்த, தவில்காரர் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பாரே, அப்படி நடக்கிறது அந்தக் காட்சி. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை.

நடிப்பில் கேட்பது என்பது மிகவும் கடினமான வேலை. வசனம் பேசுகிறவருக்குச் சொற்கள் துணை இருக்கின்றன. கேட்கிறவருக்கு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கூடினால் கோமாளித்தனம், கொஞ்சம் குறைந்தால் காட்சி விழுந்துவிடும். பாலையா அதை அளந்து செய்கிறார். இவர் யாரென்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். அறிமுகமான 1936-இன் 'சதிலீலாவதி'யில் சினிமாவுக்குள் வந்தவர். பல காலம் வில்லன். 1937-இல் வந்த 'அம்பிகாபதி'யிலேயே கொடியவராக நின்றவர். அடுத்தவரை நடுங்க வைத்தே பழகிய முகம் அது. அந்த முகம், மகன் வாயால் எழுப்பும் சத்தத்துக்கு நடுங்குகிறது. அந்தக் கால ரசிகர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் கூடுதலாக இனித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விஸ்வநாதன் பயந்துபோவதால்தான் அவர் நமக்குப் பிடித்தவராகிறார். பணம் பணம் என்று அலைகிற ஒருவரை வெறுக்க வைப்பது சுலபம். ஆனால் இவர் கதையை நம்புகிறவர். மகன் சொன்னாலும் நம்புகிறார், ஊரார் பிள்ளை சொன்னாலும் நம்புகிறார். அவர் நெஞ்சுக்குள் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. மகனுடைய கதையைக் கேட்டுக் கதிகலங்குகிறாரே, அந்த நேரத்தில் செல்லப்பா ஒரு நல்ல கதைசொல்லி என்பதற்கு அவரே சாட்சியாகிவிடுகிறார். பணம் தரமாட்டார். ஆனால் தன்னையறியாமல் மகனுடைய திறமைக்குத் தலைவணங்கிவிட்டார். ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற அத்தனையும் அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் இருக்கிறது.

செல்லப்பாவைப் படம் எப்படி நடத்துகிறது என்பதும் எனக்கு முக்கியம். சினிமாப் பைத்தியம் பிடித்த பிள்ளையை உதவாக்கரை என்று காட்டிச் சிரிக்க வைத்திருக்கலாம். படத்தை இயக்கிய ஸ்ரீதரும், அவரோடு எழுதிய கோபுவும் அப்படிச் செய்யவில்லை. செல்லப்பாவுக்குத் தன் கம்பெனி மேல் இருக்கும் நம்பிக்கை முழுசானது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரின் மகள் மீனாவைப் பார்க்கிறான், கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று உண்மையாகவே நினைக்கிறான். சச்சுவின் அந்த மீனாவும் அதை உண்மையாகவே ஏற்றுக்கொள்கிறாள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து வரும் ஒவ்வொரு காட்சியிலும் கேலிக்கு மேலே ஒரு பாசம் இருக்கிறது. சச்சு குழந்தை நட்சத்திரமாக இருந்தவர், 1962-இல் 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகியாகவும் நடித்தவர். அதற்குப் பிறகு நகைச்சுவை வேடத்துக்கு வருவதற்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம்தான் அவரைத் தமிழ் சினிமாவின் நல்ல நகைச்சுவை நடிகைகளில் ஒருவராக நிலைநிறுத்தியது.

இந்தப் படத்துக்கு முன்னால் நகைச்சுவை என்றால் பெரும்பாலும் தனி ட்ராக். நாயகனும் நாயகியும் அழுதுகொண்டிருப்பார்கள், நடுநடுவே ஒரு ஜோடி வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகும். ஸ்ரீதரே அப்படி எடுத்தவர்தான். 1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' பார்த்தவர்களுக்குத் தெரியும், மையக்கதை தியாகமும் கண்ணீரும். ஓரத்தில் தங்கவேலு, வேலைக்குப் போவதாகவும் பெரிய எழுத்தாளர் என்றும் மனைவியிடம் அளந்துகொண்டிருப்பார். அவர் கட்டும் பொய்கள் இன்றும் பேசப்படுகின்றன. பிறகு 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'போலீஸ்காரன் மகள்', 1963-இல் 'நெஞ்சம் மறப்பதில்லை' என்று கனமான படங்கள். முழுநீள நகைச்சுவைப் படம் எடுப்போம் என்று ஸ்ரீதரைத் தூண்டியவர் செங்கல்பட்டுப் பள்ளிக்காலத்திலிருந்து கூடவே வந்த நண்பர், சித்ராலயா கோபு. ஸ்ரீதர் முதலில் தயங்கியதாகக் கோபு சொல்லியிருக்கிறார். தயங்கியது நியாயம்தான். அழவைப்பதில் பெயர் வாங்கிய இயக்குநர், சிரிப்பை நம்பி ஒரு முழுப்படத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

'கல்யாணப் பரிசு' படத்தின் ஓரத்தில் இருந்த பொய்க்காரன், ஐந்து வருடம் கழித்து இந்தப் படத்தில் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றும். இங்கே எல்லோரும் எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகைச்சுவைக்கு என்று ஒதுக்கிய தனி ட்ராக் இல்லை. காதலும் சிரிப்புக்குள்தான், கல்யாணப் பேச்சும் சிரிப்புக்குள்தான், அப்பாவின் கவலையும் சிரிப்புக்குள்தான். செல்லப்பாவின் பேய்க்கதையைக் கேட்கும்போது எனக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை' நினைவுக்கு வரும். முந்தின வருடம்தான் இதே ஸ்ரீதரும் இதே ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டும் பாழடைந்த மாளிகையையும் பூர்வஜென்மத்தையும் வைத்து நம்மைக் குளிர வைத்தார்கள். வின்சென்ட் 1964-இலேயே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்ப்படத்தையும் இயக்கினார். பயத்தின் இலக்கணம் தெரிந்தவர்கள் அதைப் பிரித்துப்போட்டுச் சிரிக்க வைக்கும்போது, அந்தச் சிரிப்பு இவ்வளவு சுத்தமாக வந்து விழுகிறது.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் 'கர்ணன்' வந்தது. பிறகு 'புதிய பறவை', 'படகோட்டி', 'நவராத்திரி' என்று வரிசையாக சிவாஜியும் எம்.ஜி.ஆரும். அதற்கு நடுவில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் ஒரு படம். அசோக்காக வரும் நாயகன் ரவிச்சந்திரன் புதுமுகம். மலேசியாவில் பிறந்து, படிப்புக்காகத் திருச்சிக்கு வந்தவர். காஞ்சனாவுக்கும் இதுதான் பெயர் வாங்கித் தந்த முதல் படம். விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். வாசுவாக வரும் முத்துராமன் 'கர்ணன்' படத்தில் அர்ஜுனனாக வில் ஏந்தி நின்ற கையோடு, அடுத்த மாதமே இங்கே ஒட்டுத் தாடியோடு வந்து நிற்கிறார். சமூகப் படம் என்றால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான் என்றிருந்த காலத்தில், இதை ஈஸ்ட்மென் கலரில் எடுத்தார்கள். மெரினாவின் அகலமான சாலையும், ஆழியாறு பக்கத்துப் பச்சையும், அந்தப் பங்களாவும், பெண்கள் உடுத்தியிருக்கும் நிறங்களும் இன்றைக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். எல்லாம் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அசோக் வேலை கேட்டு ஆடும் பாட்டு, ஒரு போராட்டத்தையே திருவிழாவாக்கிவிடுகிறது. முதலாளியின் பெயரையே பாட்டில் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அது இசையமைப்பாளரின் பெயராகவும் இருப்பது கேட்கிறவர்களுக்குக் கூடுதல் குஷி. யேசுதாஸ் அப்போது தமிழுக்குப் புதிய குரல். அவரும் சுசீலாவும் பாடிய மெரினாப் பாட்டில் இளமை அப்படியே இருக்கிறது. பி.பி. ஸ்ரீநிவாஸின் மென்மை, எல்.ஆர். ஈஸ்வரியின் துள்ளல், சீர்காழியின் கம்பீரம் என்று ஒரே படத்துக்குள் இத்தனை நிறங்கள். இந்தப் பாட்டுகள் கதையை நிறுத்திவைத்துவிட்டு வருவதில்லை. படத்தின் உற்சாகம் சொல்லில் அடங்காமல் பாட்டாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் வில்லன் இல்லை. இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வில்லன் இல்லாமல் கதையை நகர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்தால்தான் அதன் அருமை தெரியும். கெட்டவன் இருந்தால் மோதல் தானாக வந்துவிடும். இங்கே மோதல் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதமான ஆசை. அப்பாவுக்குப் பணக்காரச் சம்பந்தம். மகனுக்கு சினிமா. அசோக்குக்கும் நிர்மலாவுக்கும் ஒருவர் மேல் ஒருவர். வாசுவுக்குக் காஞ்சனா. மீனாவுக்குத் திரையில் தெரிய வேண்டும். யாருடைய ஆசையும் கெட்ட ஆசை இல்லை. ஆனால் அத்தனையும் ஒரே கூரைக்கு அடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சதாசிவமும், அதாவது வி.எஸ். ராகவனும், வந்து சேர்ந்ததும் முடிச்சு இறுகி, போலீஸ் வரைக்கும் போகிறது. ஒவ்வொரு முடிச்சும் ஏற்கெனவே போட்ட முடிச்சிலிருந்து வருகிறதே தவிர, கதாசிரியர் புதிதாக எங்கிருந்தோ கொண்டுவந்து போடுவதில்லை. கடைசியில் அவிழ்வதும் அதே வரிசையில் அவிழ்கிறது. திரைக்கதை எழுத ஆசைப்படும் எவரும் இந்தப் படத்தைக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நாயகன் பெண்களைச் சீண்டிச் சீண்டி வழிக்குக் கொண்டுவருவதை இன்று பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் அழகும் பாட்டும் கொடுத்த அளவுக்கு நகைச்சுவையில் பங்கு கொடுக்கவில்லை. வீட்டில் இத்தனை பேர் கதை கட்டுகிறார்கள், மகள்கள் இரண்டு பேரும் பெரும்பாலும் அந்தக் கதைகளுக்குள் நிற்கிறவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களும் ஒரு பொய்யைத் தொடங்கி வைத்திருந்தால் படம் இன்னும் எங்கேயோ போயிருக்கும். மூன்று வருடம் கழித்து பாலசந்தர் 'பாமா விஜயம்' எடுத்தபோது இந்த இடம்தான் மாறியது. பாலையா, நாகேஷ், முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ என்று இந்தப் படத்தின் முகங்களே அங்கேயும் இருந்தன. பாலையா அங்கேயும் அப்பா. ஆனால் ஆட்டத்தை ஆடியவர்கள் மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும் வரவுக்கு மீறிச் செலவு செய்து, தாங்கள் பெரிய இடம் என்று கதை கட்டியவர்கள் அவர்கள்தான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அந்தக் காலத்து நடுத்தர வர்க்கக் குடும்பம் பணத்தைப் பற்றி என்னென்ன கனவு கண்டது என்பது புரியும்.

படம் தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' ஆனது. இந்தியில் ஸ்ரீதரே 'ப்யார் கியே ஜா' என்று 1966-இல் எடுத்தார். செல்லப்பாவாக மெஹமூத், அப்பாவாக ஓம் பிரகாஷ். மெஹமூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. பின்னால் கன்னடத்துக்கும் போனது. ஊர் மாறினாலும், பாஷை மாறினாலும், நடிகர்கள் மாறினாலும் இந்தக் குடும்பம் நின்றது. காரணம் எளிது. சினிமாப் பைத்தியம் பிடித்த பிள்ளையும், அவனை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளும் அப்பாவும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? இன்றைக்கு அந்தப் பிள்ளை யூடியூப் சேனல் ஆரம்பித்திருப்பான். சேனலுக்குப் பெயர் இருக்கும், லோகோ இருக்கும், என்ன போடுவது என்பது மட்டும் முடிவாகியிருக்காது. அப்பாவும் அப்படியே இருப்பார், கையில் மட்டும் செல்போன் வந்திருக்கும்.

என் வீட்டில் எல்லா வயதுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற படங்கள் குறைவு. பெரியவர்களுக்குப் பிடித்தது சின்னவர்களுக்கு மெதுவாகத் தெரிகிறது, சின்னவர்களுக்குப் பிடித்தது பெரியவர்களுக்கு இரைச்சலாகத் தெரிகிறது. இந்தப் படம் போட்டால் மட்டும் யாரும் எழுந்து போவதில்லை. வயதானவர்கள் விஸ்வநாதனின் பக்கம் நின்று சிரிக்கிறார்கள், பிள்ளைகள் செல்லப்பாவின் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருப்பதாகப் படமே ஒத்துக்கொள்கிறது. அதனால் சிரிப்பு யாரையும் குத்துவதில்லை.

கிறுக்குத்தனத்தைக் காட்டும் நகைச்சுவைகள் பல, அந்தக் கிறுக்கர்களை வெளியே நிறுத்தி, நம்மை உள்ளே உட்காரவைத்துச் சிரிக்க வைக்கும். 'காதலிக்க நேரமில்லை' நம்மையும் அந்தக் கூடத்துக்குள்ளேயே உட்காரவைத்துவிடுகிறது. விஸ்வநாதன் மகனைத் திட்டுவார், பணம் தரமாட்டார், ஆனால் வீட்டைவிட்டு விரட்டமாட்டார். செல்லப்பா அப்பாவைப் பற்றி அலுத்துக்கொள்வான், ஆனால் அவரை வெறுக்கமாட்டான். ஏமாற்றியவர்களும் ஏமாந்தவரும் கடைசியில் ஒரே குடும்பமாகிறார்கள். ஒரு வீடு என்பது ஒவ்வொருவருடைய ஆசைக்கும் கொஞ்சம் இடம் விடுவதுதான் என்று இந்தப் படம் நம்புகிறது. அந்த நம்பிக்கை ஸ்ரீதருக்கும் கோபுவுக்கும் உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பொய்களுக்கு நடுவில் இந்தச் சிரிப்பு இவ்வளவு உண்மையாக இருக்காது.

துணுக்குக் காட்சிகளாக மட்டும் பார்த்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தையும் பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் பணம் தர மறுக்கும் ஒருவரையும், பணம் கேட்கும் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். படம் முடிந்ததும் அந்த இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள்.